பச்சை விளக்குக்கு வெளியே

சமையலறையில் மிக்ஸி ஒரு கணம் அலறிவிட்டு நின்றது. மறுபடி அலறியது, மறுபடி நின்றது. சட்னி அரைக்கிற சத்தம் அல்ல அது. எதற்கோ பயந்து பயந்து அரைக்கிற சத்தம். அது ஓய்ந்ததும் மூடிய கதவுக்குப் பின்னாலிருந்து ஒரு பெண் சிரித்தாள்.

கூடத்தில் செய்தித்தாளை விரித்து வைத்துக்கொண்டு ஒரு வரிகூடப் படிக்காமல் உட்கார்ந்திருந்த ஜலஜா நிமிர்ந்து கதவைப் பார்த்தாள். அவளுடைய மிக்ஸி, அவளுடைய சமையலறை, அவளுடைய கணவர். எல்லாம் அந்தக் கதவுக்குப் பின்னால் இருந்தன. அவள் மட்டும்தான் வெளியே.

1996ஆம் வருஷம், மாசி மாதத்து ஞாயிற்றுக்கிழமை காலை. மந்தைவெளியில் ஒரு மாடி வீடு. ஜலஜாவின் கணவர் சுப்பராமன் தரமணிப் பக்கம் ஓர் ஆராய்ச்சி நிலையத்தில் தாவரவியல் விஞ்ஞானி. சிரித்த பெண் ஹம்சா, அவருடைய உதவியாளர், அடையாறிலிருந்து ஸ்கூட்டியில் வருகிறவள். நிலையத்தில் அன்று பராமரிப்புக்காக மின்சாரத்தை நிறுத்தியிருந்தார்கள். தொட்டியில் வளர்த்த பாலக் கீரையோ பறிக்கும் பக்குவத்தில் இருந்தது. வெள்ளிக்கிழமை கமிட்டி கூடுகிறது. அதற்குள் முடிவைக் காட்டியாக வேண்டும். ஆகவே ஆராய்ச்சி வீட்டுக்கு வந்துவிட்டது.

சமையலறை ஜன்னலைக் கறுப்புக் கம்பளியால் மூடினார்கள். குண்டு பல்பின் மேல் பச்சைக் கண்ணாடித்தாளைச் சுற்றினார்கள். பச்சை வெளிச்சத்தை இலை அதிகமாகப் பொருட்படுத்தாது. வேறு வெளிச்சம் பட்டால் உள்ளே இருக்கும் புரதங்கள் விழித்துக்கொண்டுவிடும். புது ஜாடி, வடிகட்ட மஸ்லின் துணி, சாற்றைச் சுற்றி வண்டலைப் பிரிக்க ஒரு சின்ன இயந்திரம் எல்லாம் ஆட்டோவில் வந்து இறங்கின.

அதற்கு மேல் வந்த ஒன்றைத்தான் ஜலஜாவால் தாங்க முடியவில்லை. இலைச்சாறு சூடேறக் கூடாதென்று விடிந்ததும் இருவருமாகப் பட்டினப்பாக்கம் போய், மீன் கடைகளிலிருந்து தெர்மாகோல் பெட்டி நிறைய ஐஸ் வாங்கி வந்திருந்தார்கள். வெங்காயம்கூட விசேஷ நாட்களில் நுழையாத அந்தச் சமையலறைக்குள் மீன் வாடையடிக்கும் பெட்டியைச் சுப்பராமன் தன் தலையிலேயே சுமந்துகொண்டு போனார். ஜலஜாவுக்காக அவர் ரேஷன் சர்க்கரைப் பையைக்கூடத் தூக்கியவர் இல்லை. ஐஸ் விற்ற தங்கபுஷ்பம், "இன்னா சாரு, ஐசு மட்டும் எத்துக்கினு போறே, மீனு வாணாமா? அம்மாவுக்கு வஞ்சிரம் வாங்கிக் குடு" என்றாளாம். அதைச் சொல்லிச் சொல்லித்தான் உள்ளே சிரிப்பு.

அம்மாவுக்கு. பக்கத்தில் நின்ற ஹம்சாவைத்தான் அவர் மனைவி என்று நினைத்திருக்கிறாள்; அந்த வார்த்தை ஜலஜாவை முள்ளாகக் குத்தியது.

கணவரைப் பறித்துக்கொள்ள வந்தவள் என்று ஹம்சாவை அவள் நினைத்தாள் என்றால் அது பாதிதான் உண்மை. மீதிப் பாதி இன்னும் பொல்லாதது. ஜலஜாவும் தாவரவியல் எம்.எஸ்ஸி. வகுப்பில் முதலாவதாகத் தேறியவள். கல்யாணத்துக்கு முன்னால் கொஞ்ச நாள் ஓர் ஆய்வகத்தில் வேலை பார்த்தவள். இலையை நறுக்கி நுண்ணோக்கியில் வைத்தால் பக்கத்து மேஜைக்காரர்கள் வந்து பார்த்துவிட்டுப் போவார்கள். கல்யாணமானதும் மாமியார் பக்கவாதத்தில் படுத்தார். பதினான்கு வருஷம் அந்தக் கட்டிலைச் சுற்றியே போயிற்று. குழந்தையும் இல்லை. மாமியாரின் காரியங்கள் முடிந்து வீடு நிசப்தமானபோது ஜலஜாவுக்கு முப்பத்தெட்டு வயது.

அந்தச் சமயத்தில்தான் சுப்பராமனின் ஆராய்ச்சித் திட்டத்தில் உதவியாளர் வேலை ஒன்று உண்டானது. ஒரே ஒரு இடம். ஜலஜா இரண்டு நாள் ஒத்திகை பார்த்துவிட்டு, ராத்திரி சாதம் போடும்போது கேட்டாள். அந்த வேலைக்குத் தான் வரலாமா என்று. சுப்பராமன் அவள் விளையாடுகிறாள் என்று நினைத்துச் சிரித்தார். ரசம் கேட்டார். அடுத்த மாதம் ஹம்சா தற்காலிகமாகச் சேர்ந்தாள். இந்தச் சோதனை சரியாக வந்தால் வெள்ளிக்கிழமை அவளை நிரந்தரமாக்குவார்கள். வராவிட்டால் அந்த இடம் மறுபடி திறக்கும்.

ஜலஜாவின் கண்ணீருக்கெல்லாம் அந்த ஓர் இடம்தான் காரணம்.

முந்தின நாள் மாலை சாப்பாட்டு மேஜையில் சுப்பராமன் பாடமே நடத்தினார். ஜலஜாவுக்கு அல்ல, ஹம்சாவுக்கு. இலைக்குள் வெளிச்சத்தில் வேலை செய்யும் புரதக் கூட்டங்கள் இரண்டு. ஒன்று தண்ணீரை உடைத்து எலக்ட்ரானை எடுக்கும். மற்றது அதை வாங்கி, ஒளியால் இன்னொரு முறை உந்தி மேலே அனுப்பும். இரண்டும் ஒரே வேகத்தில் ஓட வேண்டும். மொட்டை மாடி டி.வி. ஆன்டெனா போல வெளிச்சத்தைப் பிடித்துக் கொடுக்கிற புரதங்கள் அவற்றைச் சுற்றி நிற்கும். முதல் கூட்டத்துக்கு வெளிச்சம் மிஞ்சிப்போனால், சில ஆன்டெனாக்களின் மேல் ஒரு பாஸ்பேட் ஒட்டப்படும். ஒட்டியதும் அவை முதல் கூட்டத்தை விட்டு நகர்ந்து இரண்டாவதோடு போய்ச் சேர்ந்துகொள்ளும். வெளிச்சம் மாறினால் பாஸ்பேட் கழன்று, பழைய இடத்துக்கே திரும்பி வரும். மேகம் போகிற வேகத்தில் நடக்கிற காரியம் இது.

ஜலஜா படித்த காலத்துப் பாடத்தில் இது இல்லை. சாம்பார்ப் பாத்திரத்தைக் கையில் வைத்துக்கொண்டு அவள் ஒரு வார்த்தை விடாமல் கேட்டாள். அவள் மனம் இருந்த நிலையில், ஒட்டியதும் விட்டுப் போய்விடும் என்பது மட்டும்தான் உள்ளே தங்கியது.

சோதனை எளிமையானது. ஒரு ஈட்டு இலைகளைச் சிவப்புத்தாள் சுற்றிய மேஜை விளக்கின் சின்ன வெளிச்சத்தில் வைப்பார்கள். அதில் பாஸ்பேட் நிறைய ஒட்டியிருக்க வேண்டும். இன்னொரு ஈட்டை ராத்திரி முழுக்க இருட்டில் வைப்பார்கள். அதில் ஒட்டியிருக்கக் கூடாது. இருட்டு ஈடு, கறுப்புத் துணி சுற்றிய எவர்சில்வர் டப்பாவில் ஸ்டோர் ரூமில் இருந்தது. விளக்கு ஈட்டை அரைத்து முடித்த பிறகுதான் அதை எடுப்பார்கள்.

இப்போது சமையலறைக் கதவு லேசாகத் திறந்தது. பச்சை வெளிச்சம் கூடத்தில் கோடாக விழுந்தது. சுப்பராமன் தலையை மட்டும் நீட்டினார்.

"ஜலஜா, ஸ்டோர் ரூம் டப்பாவைத் தொட்டுடாதே. துளி வெளிச்சம் பட்டாலும் எல்லாம் போச்சு."

உள்ளேயிருந்து ஹம்சா சொன்னாள். "அதுல சமையல் சாமான் ஒண்ணும் இல்லை மாமி. வெறும் கீரை."

கெட்ட எண்ணமில்லாமல் சொன்னதுதான். ஆனாலும் ஜலஜாவின் காதில் கொதிக்கிற எண்ணெயாக விழுந்தது. மாமி. தன்னைவிடப் பெரிய படிப்பா அந்த ஹம்சா படித்துவிட்டாள்? கதவு சாத்திக்கொண்டது. சுற்றும் இயந்திரம் வண்டாக ரீங்கரித்தது.

ஜலஜா எழுந்தாள்.

ஸ்டோர் ரூமிலிருந்து டப்பாவை எடுத்தாள். பின்பக்கத்து பால்கனியில், துணி உலர்த்தும் இடத்தில் வெயில் தீயாக விழுந்துகொண்டிருந்தது. இலைகளைத் தாம்பாளத்தில் ஒன்றின் மேல் ஒன்று படாமல் பரப்பினாள். வாடிவிட்டால் தெரிந்துவிடும் என்று அவ்வப்போது தண்ணீர் தெளித்தாள். சின்ன விளக்குக்கே அவ்வளவு பாஸ்பேட் ஒட்டுமென்றால் இந்த வெயிலுக்கு எவ்வளவு ஒட்டும். இரண்டு ஈடும் ஒரே மாதிரி காட்டும். சோதனை தோற்கும். அந்த இடம் திறக்கும். படித்த கை பாழாக்கினால் எப்படிப் பாழாகும் என்று தெரிந்துகொள்ளட்டும்.

முதல் ஈடு முடிகிற சத்தம் கேட்கும்வரை இலைகள் வெயிலில் கிடந்தன. பிறகு டப்பாவைப் பழையபடி கட்டி, இருந்த இடத்திலேயே வைத்தாள். பச்சை விளக்கில் எல்லா இலையும் ஒரே நிறம்தான். ஹம்சாவுக்கு எந்த வித்தியாசமும் தெரியவில்லை. மறுபடி மிக்ஸி அலறியது. அன்று மத்தியானம் ஜலஜா சாப்பிடவில்லை. தலைவலி என்று படுத்து, சுவரைப் பார்த்து அழுதாள்.

வியாழக்கிழமை சாயங்காலம் வாசல் மணி அடித்தது.

ஹம்சா நின்றாள். தலையில் மல்லிகை, கையில் மயிலாப்பூர்க் கடை மைசூர்பாகு. முகமெல்லாம் விளக்கேற்றினாற்போல ஒளி. ஜலஜாவுக்குச் சப்பென்று ஆகிவிட்டது. தோற்றவள் பூ வைத்துக்கொண்டு வரமாட்டாள்.

"நமஸ்காரம் மாமி. உங்காத்து மிக்ஸிதான் என்னைக் காப்பாத்தித்து" என்று அவள் பெட்டியை நீட்டினாள். பாஸ்பேட் ஒட்டிய புரதத்தை மட்டும் கறுப்புப் பட்டையாகக் காட்டும் ஃபிலிமை, அவள் பின்னாலேயே வந்த சுப்பராமன் கூடத்து டியூப் லைட்டில் தூக்கிப் பிடித்தார். விளக்கு ஈட்டில் பட்டை மையாகக் கறுத்திருந்தது. இருட்டு ஈட்டில் ஒன்றுமே இல்லை. நாளைக் கமிட்டிக்கு இது ஒன்றே போதும் என்றார் அவர்.

ஜலஜாவும் பார்த்தாள். முதலில் அவள் மனதில் எழுந்தது வெறும் ஆங்காரம். தெய்வமேகூட இவள் பக்கமா. அடுத்த நிமிஷம் அவளுக்கு உறைத்தது. அந்த ஈடு இருட்டில் இருந்த ஈடு அல்லவே. அது வெயில் குடித்த ஈடு. நியாயமாக எல்லாவற்றையும்விடக் கறுத்திருக்க வேண்டியது. பின்னே ஏன் வெள்ளையாக இருக்கிறது?

வாயை மூடிக்கொண்டிருந்தால் அவள் செய்தது யாருக்கும் தெரியாது. ஹம்சாவுக்கு நாளைக்கு வேலை நிரந்தரமாகும். பேசினால் கணவரின் முகத்தில் எப்படி விழிப்பது? ஆனால் அவளைப் பேச வைத்தது மனசாட்சி இல்லை, அதே பொறாமைதான். இந்தச் சின்னப் பெண் எதையோ தெரிந்துகொண்டுவிட்டதாகச் சிரிக்கிறாளே, உண்மையில் இந்த வீட்டில் அது தெரிந்தவள் நான் ஒருத்திதானே என்று உள்ளே ஒன்று முட்டி மோதியது.

"அது இருட்டு இலை இல்லை" என்றாள்.

இருவரும் திரும்பினார்கள்.

"பால்கனி வெயில்ல நான்தான் பரப்பி வெச்சேன். ஞாயித்துக்கிழமை, நீங்க முதல் ஈட்டை அரைச்சிண்டிருந்தப்போ."

சுப்பராமனின் கையிலிருந்த ஃபிலிம் தாழ்ந்தது. "ஏன் இப்படிப் பண்ணினே?"

"அந்த வேலையை நான் உங்களண்டை கேட்டேன். நீங்க சிரிச்சேள்."

ஹம்சாவின் கண்களில் நீர் திரண்டது. திட்டப் போகிறாள் என்றுதான் ஜலஜா நினைத்தாள். ஆனால் அந்தப் பெண் மூக்கை உறிஞ்சிக்கொண்டு வேறு ஒன்று கேட்டாள்.

"நேர் வெயிலா மாமி?"

"நேர் வெயில். நிழலே படலை."

"அப்படின்னா பட்டை கறுத்திருக்கணுமே."

"அதைத்தான் நானும் யோசிக்கறேன்" என்றாள் ஜலஜா. அவளை அறியாமலே அவள் விரல் ஃபிலிமின் மேல் போயிற்று. "கொஞ்சம் வெளிச்சத்துக்கு ஒட்டறது. ரொம்ப வெளிச்சம்னா ஒட்டற காரியத்தையே இலை நிறுத்திடறதோ என்னவோ. வெயில் கொளுத்தறப்போ ஆன்டெனாவை இங்கேயும் அங்கேயும் மாத்தி என்ன பிரயோஜனம்? வேற ஏதாவது வழியிலதானே தன்னைக் காப்பாத்திக்கணும்."

சுப்பராமன் ஃபிலிமை மறுபடி வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். அவரும் ஹம்சாவும் படித்த எந்தக் கட்டுரையிலும் இது இல்லை. கோபம் அவர் முகத்தில் இன்னும் இருந்தது. ஆனால் அதற்கு மேலே மெதுவாக வேறொன்று படர்ந்தது. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் முதல் முறையாக அவர் மனைவியிடம் ஓர் இலையைப் பற்றிக் கேட்டார்.

"எடுக்கறப்போ வாடியிருந்துதா?"

"வாடலை. தண்ணி தெளிச்சுண்டே இருந்தேன். நிறம்கூட மாறலை."

"சூடு? கையில எடுக்கறச்சே?"

"தாம்பாளம் சுட்டுது. இலை சுடலை."

அவர் நாற்காலியை இழுத்துப் போட்டார். ஜலஜாவும் பக்கத்தில் உட்கார்ந்தாள். இரண்டு தலைகளும் ஒரே ஃபிலிமின் மேல் குனிந்தன. இருட்டு, சின்ன விளக்கு, வெயில் என்று மூன்று ஈடாக மறுபடி செய்ய வேண்டும் என்று அவர் சொல்லிக்கொண்டே போனார். வெயில் ஈட்டை யார் பார்த்துக்கொள்வது என்று அவர் கேட்கவில்லை. அது முடிவாகிவிட்டது போலவே பேசினார்.

"நாளைக்குக் கமிட்டில என்ன சார் சொல்றது?"

ஹம்சா இன்னும் நின்றுகொண்டுதான் இருந்தாள். அவளை உட்காரச் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை.

"இதைக் காட்ட முடியாது ஹம்சா. தப்பு இலைன்னு தெரிஞ்சப்புறம் எப்படிக் காட்டறது? தள்ளித்தான் போடணும்." அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

ஜலஜா நிமிர்ந்தாள். ஹம்சாவின் பார்வை அவர்கள் இருவர் மேலும் நிலைத்திருந்தது. ஒரு தவறும் செய்யாத பெண். உழைப்பும் போயிற்று, நாளைய தினமும் போயிற்று. ஆனால் அந்தக் கண்களில் இருந்தது துக்கம் மட்டும் அல்ல. சேர்ந்து குனிந்த அந்தத் தலைகளைப் பார்த்து உள்ளே எரிகிற எரிச்சல். அந்தப் பார்வை எப்படி இருக்கும் என்று ஜலஜாவுக்கு ஒருவர் சொல்லித் தர வேண்டியதில்லை. ஒரு கணம் அவள் மனம் துள்ளியது. அடுத்த கணம் அந்தத் துள்ளலே அவளைச் சுட்டது.

"காபி கலக்கட்டுமா ஹம்சா?"

"வேண்டாம். நாழியாயிடுத்து."

மைசூர்பாகுப் பெட்டி பிரிக்கப்படாமல் மேஜையில் இருந்தது. ஹம்சா செருப்பை மாட்டிக்கொண்டாள். போய்விட்டு வருகிறேன் என்று சொல்லவில்லை. சுப்பராமன் வெயிலின் கோணத்தைப் பற்றி ஏதோ கேட்டார். ஜலஜா எழுந்து வாசல்வரை வந்தாள். மாடிப்படியில் இறங்குகிற அந்தத் தலையின் மல்லிகை கண்ணுக்கு மறைகிறவரை நின்றாள். பிறகு கதவைச் சாத்தினாள்.