அடுப்புக்குப் போட்ட தடை

இந்த ஊர்க்காரர்கள் ஒரு பீடிக்கு மூன்று குச்சி கிழிப்பார்கள். காற்றில் அணைந்தால் அடுத்தது, அதுவும் அணைந்தால் இன்னொன்று. அகதியாகச் சிவகாசிப் பக்கம் வந்து பதின்மூன்று ஆண்டுகளாகியும் அதைப் பார்த்தால் எனக்கு வயிறு எரிகிறது. யாழ்ப்பாணத்தில் பொருளாதாரத் தடை இருந்த காலத்தில் ஒரு குச்சியைச் சவர பிளேடால் நெடுக்கே பிளந்து இரண்டாக்கியவன் நான். மருந்து உதிராமல் பிளக்க எங்கள் ஒழுங்கையில், அந்தச் சந்து முழுக்க, வேறு ஆளில்லை. மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓட்டினேன். ஜாம் போத்தலில் திரி போட்டு வீட்டுக்கு வெளிச்சம் கொடுத்தேன். பெற்றோல், பற்றறி, சவர்க்காரம், மருந்து எதுவும் வடக்கே போகக் கூடாது என்று கொழும்பு மறித்தது. ஆயுதம் தூக்கியவர்களை முடக்கவாம்! முடங்கியது என் மனைவி. சர்க்கரை வியாதிக்கு ஊசி மருந்து வரவில்லை, செத்துப்போனாள். சண்டை மட்டும் ஒரு நாளும் பட்டினி கிடக்கவில்லை.

மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கு முழுக்குப் போட்டவன் நான். உடுத்த சாரத்தோடு முகாமுக்கு வந்தேன். இன்று ஏழாயிரம்பண்ணைப் பக்கத்துத் தீப்பெட்டிக் கம்பெனியில் லோடு ஏற்றும் ஆட்கள் அத்தனை பேரும் என் சொல்லுக்கு அசைவார்கள். கனடாவில் பனி தள்ளுகிற, என் தங்கை பெற்ற படித்த மருமக்களே, இதையும் கேட்டு வையுங்கள்.

வன்னியில் கடைசிச் சண்டை நடந்த மாதங்களில் ஒரு நாள் அந்த ஆட்கள் அசையவில்லை. கொழும்பு வியாபாரிக்குப் போகிற சின்ன லோடு அது. தீப்பெட்டி அடைத்த அறுபது அட்டைப்பெட்டி.

“அண்ணாச்சி, இதை ஏத்த மாட்டோம்” என்றான் மாரியப்பன். அவர்களில் மூத்தவன் அவன்தான். “அங்கன நம்ம சனத்தைக் குண்டு போட்டுக் கொல்லுதான். எல்லாரும் சாமானை நிறுத்திட்டா எம்புட்டு நாளைக்குத் தாங்குவான்?”

“தம்பி, பீரங்கி நெருப்புப்பெட்டியால வெடிக்கிறதில்லை. இதை மறிச்சா அடுப்புத்தான் அணையும்.”

“ஏலே, சிலோன்காரருக்கு அவன் மேல பாசம் பொத்துக்கிட்டு வருதுலே!” என்று பின்னாலிருந்து ஒருவன் சிரித்தான்.

மாரியப்பன் சிரிக்கவில்லை. “உங்க மகளும் பேரப்பிள்ளையும் வன்னிக்குள்ள மாட்டிக்கிட்டு இருக்காக. ரெண்டு மாசமாத் தகவல் இல்லைங்கீக. உங்களுக்கு வலிக்கலையா?”

“அவளுக்காகத்தான் ஏத்தச் சொல்லுறன்.”

“இதுல ஒரு பெட்டியாவது அவுகளுக்குப் போய்ச் சேருமா? சொல்லுங்க.”

கொழும்பிலிருந்து வன்னி வரைக்கும் எத்தனை சோதனைச் சாவடி என்று என்னைவிட யாருக்குத் தெரியும்?

தடை வேண்டாம் என்று நான் எந்த நாளும் சொன்னதில்லை. குண்டு விற்கிறவனை மறி. விமானத்துக்கு எண்ணெய் ஊற்றுகிறவனை மறி. யுத்தத்துக்குக் கடன் கொடுக்கிறவன் கையைப் பிடி. ஒரே மாதத்தில் சண்டை நொண்டும். பெரிய பெரிய நாடுகள் கோட்டுப் போட்டு உட்கார்ந்து தடை, தடை என்று பேசின. குண்டுக் கப்பலை ஒருவனும் மறிக்கவில்லை. தடை என்று வந்தால் முதலில் சமையலறைக்குத்தான் பூட்டுப் போடுகிறார்கள். இந்தப் பிள்ளைகள் நல்ல மனதோடு அதே பூட்டைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றார்கள். கெட்ட மனதுக்காரன் என்றால் அறைந்திருப்பேன்.

சட்டையைக் கழற்றிவிட்டு நானே ஏற்றினேன். அறுபத்தைந்து வயதில் அறுபது பெட்டியும் தனியாக. ஒருவனும் கை கொடுக்கவில்லை. எனக்காக அழுதவர்கள், என் சனத்துக்காக உண்ணாவிரதம் இருந்தவர்கள், முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றார்கள். நாற்பதாவது பெட்டியில் முதுகு பிடித்துக்கொண்டது. அதைக் காட்டிக்கொள்ளவில்லை.

கடைசிப் பெட்டியை அடுக்கிவிட்டு லாரியின் பின்பலகையில் கால் தொங்கப் போட்டு உட்கார்ந்தேன்.

“இறங்குங்கண்ணாச்சி, வண்டி கிளம்பணும்” என்றார் டிரைவர்.

முதுகுக்குப் பின்னால் இருந்த அறுபது பெட்டிக்கும் கடல் தாண்டி என் மகள் இருக்கிற நாட்டுக்குப் போக அனுமதித் தாள் இருந்தது, எனக்கு இல்லை. இறங்கினால் என்னோடு பேச அங்கே ஆளில்லை. டிரைவர் இரண்டாவது தடவையும் ஹாரன் அடித்தார். நான் பலகையைப் பிடித்தபடியே இருந்தேன்.