பெரிய பூச்சியைக் கொன்ற ஞாயிறு

ஊரப்பாக்கத்து அடுக்குமாடிக் குடியிருப்பில் மண் என்று மிஞ்சியிருந்தது மதிலோரச் செம்பருத்தி வரிசைக்கு அடியில்தான். மற்றதெல்லாம் சிமெண்ட். மேலேயிருந்து ஏசிப் பெட்டிகள் நேராக அந்தச் செடிகளின் தலையிலேயே அனலைக் கக்கின. வெக்கையில் வாடிய செடி மாவுப்பூச்சிக்குக் கல்யாணப் பந்தி. கொழுந்தெல்லாம் வெள்ளை அப்பிக் கிடந்தது. தவறாமல் அடித்த மருந்து, மாவுப்பூச்சியைத் தின்னும் வண்டுகளைத்தான் முதலில் தீர்த்தது. பொங்கலுக்குள் பூச்சி போகாவிட்டால் செடிகளைப் பிடுங்கி டைல்ஸ் போடுவதாகச் செயலாளர் வைத்தீஸ்வரன் அறிவித்தார்.

மூன்றாம் மாடி ஈவ்லின், குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரி வாசல் மிதித்து, பூச்சிகளைப் பற்றி ஆராய்ச்சி செய்பவள். அவளுடைய ஆராய்ச்சியே அந்த வரிசைதான். மாவுப்பூச்சி தின்னும் வண்டின் குஞ்சுகளைக் கொண்டுவந்து விட்டாள். அவையும் வெள்ளையாகத்தான் இருக்கும், பஞ்சு பஞ்சாக, கொஞ்சம் பெரிதாக. ஒரு மாதம் யாரும் மருந்தடிக்கவோ கை வைக்கவோ வேண்டாம் என்று வாட்ஸ்அப் குழுவில் படத்தோடு விளக்கினாள். எல்லோரும் கட்டைவிரல் காட்டினார்கள். படிப்பது வேறு விஷயம்.

அடுத்த ஞாயிறு துப்புரவு நாள். ஆளுக்கொரு செடி, கையில் பழைய டூத்பிரஷ். படித்தவர்கள் அல்லவா, பெரிய பூச்சியாகப் பார்த்துப் பார்த்து நசுக்கினார்கள்.

"தாய்ப்பூச்சியையே ஒழிச்சிட்டோம்மா. குட்டிங்க தானா செத்துடும்" என்றார் வைத்தீஸ்வரன்.

"சார், நீங்க ஒழிச்சது நான் விட்ட வண்டுக் குஞ்சை."

"வெள்ளையாதானேம்மா இருந்துச்சு?"

பொங்கல் நெருங்கியபோது வரிசை முழுக்கச் சுண்ணாம்பு அடித்ததுபோல் ஆனது. இரண்டாம் மாடி தினகரனின் பங்குக்கு வந்த செடி மட்டும் கொழுந்துவிட்டுப் பூத்து நின்றது. துப்புரவு ஞாயிறன்று அவர் தூங்கிப்போயிருந்தார். என்ன மருந்து போட்டார் என்று எல்லோரும் குடைந்தார்கள். ஒன்றுமே செய்யவில்லை என்று உண்மையைச் சொன்னார். மனுஷன் எவ்வளவு அழுத்தக்காரர் என்று வியந்தார்கள்.

கூட்டத்தில் ஈவ்லின் எழுந்தாள். பூச்சியின் குணத்தை விளக்கி அலுத்துப்போயிருந்தது. வரிசை முழுவதையும் தினகரனிடமே ஒப்படைக்கலாம், டைல்ஸைப் பிறகு பார்க்கலாம் என்றாள். ஏகமனதாக நிறைவேறியது.

தினகரன் படிக்கட்டில் அவளை மறித்தார்.

"எனக்குத் தோட்ட வேலை சுத்தமா வராதும்மா."

"அதுக்குத்தான் சார் உங்க பேரைச் சொன்னேன்" என்றவள், அவர் செடியில் கொழுத்திருந்த வண்டுக் குஞ்சுகளைத் தூரிகையால் தொட்டெடுத்து, மற்ற செடிகளில் விடப் போனாள்.