ஐந்தாவது வீல்

என் அக்கா புருஷன் தொக்தோசுனுக்கு ஓரிடத்தில் உட்காரவே வராது. இருபத்திரண்டு வருஷமாகக் காரா-பால்தா நிலையத்திலிருந்து ஷேர் வேன் ஓட்டுகிறார். டிரைவர் சீட்டைத் தவிர வேறெங்கும் அவர் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. தேநீரை நின்றுகொண்டே குடிப்பார். அடுத்தவன் வண்டி டயரை உதைத்துப் பார்ப்பார். வீட்டில் இருந்தால் கதவுக்கெல்லாம் எண்ணெய் விடுவார். "ஒங்க அத்தான் கால்ல சக்கரத்தக் கட்டிக்கிட்டுப் பொறந்தவரு" என்பாள் அக்கா.

அப்பேர்ப்பட்டவர் ஒரே மகள் கல்யாணத்துக்கு மட்டும் நகரவில்லை. பெர்மெத் தன் இஷ்டப்படி மலைக்கு அந்தப் பக்கத்துத் தலாஸ்காரன் ஒருத்தனைக் கட்டிக்கொண்டாள். விருந்தன்று காலையில் "வண்டி கெட்டுப்போச்சு, வர முடியாது" என்று சொல்லியனுப்பினார். வண்டிக்கு ஒரு கேடும் இல்லை. அன்று பகல் முழுக்க வாசலில் நின்று அதைக் கழுவிக்கொண்டிருந்தார். துடைத்த இடத்தையே துடைத்தார். அதன் பிறகு மூன்று வருஷம் அப்பனும் மகளும் ஒரு வார்த்தை பேசவில்லை.

மகள் உண்டாகியிருக்கிறாள் என்று அக்கா மூலம் தெரிந்ததும் மனுஷன் கதவுக்கு எண்ணெய் விடப் போய்விட்டார். ஆனால் ஏப்ரலில் ஒருநாள் டயர் சந்தைக்கு என்னையும் இழுத்துப் போனார். வேனுக்கு இரண்டு அங்குலம் பெரிய வீல்கள், ஸ்டெப்னியோடு ஐந்து. "எதுக்கு அத்தான் இவ்வளவு பெருசு?" என்றேன். "கணவாய் ரோடெல்லாம் பள்ளம்" என்றார். அவர் தினமும் ஓட்டுகிற பிஷ்கெக் ரோட்டில் ஏது கணவாய்? கணவாய் இருப்பது தலாஸ் ரோட்டில். எனக்குப் புரிந்துவிட்டது.

நான்கு வீல்களை மாட்டியாயிற்று. ஐந்தாவதைத் தூக்குகிற நேரத்தில் சந்தை வாசலிலிருந்து ஒருத்தன் ஓடிவந்தான். பெர்மெத்தின் கொழுந்தன் சபர், தலாஸிலிருந்து வந்து வீட்டில் விசாரித்துக்கொண்டு வந்திருந்தான். "சூயுன்சு! சூயுன்சு! பேரன் பொறந்திருக்கான்!"

எங்கள் ஊரில் நல்ல சேதியோடு சூயுன்சு என்று கத்தி வருகிறவனுக்குக் கையில் இருப்பதைக் கொடுத்தே ஆகவேண்டும். அப்புறம் தருகிறேன் என்பவன் மனுஷனில்லை. தொக்தோசுன் சட்டைப்பையைத் தடவினார். எல்லாம் வீல்காரனிடம் போயிருந்தது. கையில் இருந்ததோ வீல்தான். அதை அப்படியே சபரின் கையில் திணித்துவிட்டு, "எடுத்துக்கடா!" என்று சொல்லி முகத்தைத் திருப்பிக்கொண்டார். அன்றைக்குத்தான் அவர் அழுது பார்த்தேன். அதனால்தான் வேனின் பின்னால் பழைய சின்ன ஸ்டெப்னியே தங்கிவிட்டது.

நாற்பதாம் நாள் பிள்ளையைத் தொட்டிலில் போட வேண்டும். மரத்தொட்டில் அம்மா வீட்டிலிருந்துதான் வரவேண்டும். அக்கா பத்து நாள் முன்னாலேயே தலாஸுக்குப் போய்விட்டாள். மகள் சொன்னதை அவள் போனில் அப்படியே சொன்னாள்: "மத்தியானத்துக்குள்ள தொட்டில் வரலேன்னா நாங்களே ஒண்ணு வாங்கிக்குவோம். அதுக்கப்புறம் அப்பா தலாஸ் பக்கமே வரவேண்டாம்."

விடியும்போதே கிளம்பினோம். மலைமேல் சுரங்கப்பாதையைத் தாண்டி சூசமிர் புல்வெளியில் இறங்கியபோது மணி எட்டரை. அங்கேதான் பின்பக்கம் தடதடவென்றது. பஞ்சர். தொட்டிலையும் மூட்டைகளையும் புல்லில் இறக்கி, அடியில் கிடந்த ஸ்டெப்னியை உருட்டினோம். பெரிய வீல் பக்கத்தில் அது குட்டிபோல நின்றது.

"அத்தான், இத பின்னால போடாதீங்க. வண்டிய இழுக்கறது பின் வீலுதான். ஒண்ணு பெருசு ஒண்ணு சின்னதுன்னா நடுவுல பல்சக்கரப் பெட்டி ஓயாம அரைச்சுக்கிட்டே இருக்கும். முன்வீல் ஒண்ணக் கழட்டிப் பின்னால போட்டு, சின்னத முன்னால போடுவோம்."

"எனக்கே வண்டி சொல்லித்தரியா மச்சான்? நீ பொறக்கறதுக்கு முன்னாடியே நான் ஜாக்கி புடிச்சவன்."

"தெரிஞ்சுக்கிட்டே செய்யறீங்களே!"

"ரெண்டு தடவ ஜாக்கி போடணும். இருவது நிமிஷம் போயிரும். ஏறு வண்டியில."

ஏறினேன். வண்டி ஒருபக்கம் சாய்ந்து ஓடியது. அவர் தொண்ணூறில் விரட்டினார், கண் கடிகாரத்தில். "மெதுவாப் போங்க" என்று நான் சொல்லச் சொல்ல மிதித்தார். ஒற்மோக் கணவாய் ஏற்றத்தில் எண்ணெய் தீய்ந்த நாற்றம் அடித்தது. பின் அச்சு முனகியது. இருபது நிமிஷத்தை மிச்சம் பிடிக்கப் போய் நடுரோட்டில் நின்றோம்.

பக்கத்தில் கூடாரம் போட்டுக் குதிரைப்பால் விற்கிற கிழவி எட்டிப் பார்த்தாள். "என்ன தம்பி, ஒத்தக்கால்ல பூட்ஸு, ஒத்தக்கால்ல செருப்பா?"

அத்தான் தண்ணீர் வாளியை எடுத்தார். "கொதிக்கிற பெட்டியில தண்ணி ஊத்தினா வெடிச்சுரும்" என்று பிடுங்கினேன். அவர் வண்டியைச் சுற்றினார். தொட்டிலைத் தொட்டார், மறுபடி சுற்றினார். போனை எடுத்துப் பார்த்துவிட்டுப் பைக்குள் போட்டார்.

"பெர்மெத்துக்கு ஒரு வார்த்த சொல்லிருங்க அத்தான். சபர்கிட்ட அந்த வீல் இருக்கு, கொண்டாந்துருவான்."

"குடுத்த சூயுன்சுவத் திருப்பிக் கேக்கறதா? எங்கப்பன் குழியில எந்திரிச்சு உக்காந்துருவான்." குரல் இறங்கியது. "அது கெடக்கட்டும். 'வண்டி கெட்டுப்போச்சு'ன்னு எந்த வாயால சொல்லுவேன்? அன்னிக்கு அதே வார்த்ததான சொன்னேன்."

எனக்குக் கோபம் வந்தது. அவர் மறுபடி சுற்றப் போன நேரத்தில் கிழவியின் கூடாரத்துக்குப் பின்னால் நின்று பெர்மெத்துக்கு நானே போன் போட்டேன். "வண்டி நின்னுபோச்சும்மா. கணவாய்க்கு இந்தப் பக்கம். நெஜமா" என்றேன். அவள் போனை வைத்துவிட்டாள்.

பெட்டி ஆறியதும் நான் முதலில் சொன்னதைச் செய்தோம். முன்வீல் ஒன்று பின்னால் போனது, சின்னது முன்னால் வந்தது. இருபது நிமிஷம்தான் ஆயிற்று. நாற்பதுக்கு மேல் போகாமல், நடுநடுவே நிறுத்திப் பெட்டியை ஆறவிட்டு ஊர்ந்தோம். மணி பதினொன்று, பதினொன்றரை, பன்னிரண்டு. அத்தான் ஸ்டியரிங்கை விரலால் தட்டிக்கொண்டே வந்தார். பன்னிரண்டு அடித்ததும் தட்டுவதை நிறுத்தினார். அது இன்னும் பயமாக இருந்தது.

கணவாய் உச்சிக்குக் கொஞ்சம் கீழே எதிரே வந்த கார் விளக்கை அடித்து நின்றது. சபர் ஓட்டினான். பின் சீட்டிலிருந்து பிள்ளையை மார்போடு கட்டிக்கொண்டு பெர்மெத் இறங்கினாள்.

அத்தான் கதவைத் திறந்தார். அவள் அருகில் வருவதற்குள்ளேயே கொட்டிவிட்டார்: "அன்னிக்கு வண்டி கெட்டுப்போகலம்மா. நல்லாத்தான் இருந்துச்சு. நான்தான் கெட்டுப்போயிருந்தேன்."

"தெரியும்ப்பா. நீங்க வண்டி கழுவினத அன்னிக்குச் சாயந்தரமே சொல்லிட்டாங்க."

"அப்ப இன்னிக்கு ஏன் வந்த?"

"பாக்கத்தான். மறுபடியும் வண்டி கழுவறீங்களான்னு."

அவள் வேனின் முன்னால் போய்க் குனிந்தாள். சின்ன வீலைப் பார்த்தாள், அப்பாவின் கையைப் பார்த்தாள். முழங்கை வரை கருப்பு. தீய்ந்த எண்ணெய் நாற்றம் இன்னும் போகவில்லை. "நெஜமாவே கெட்டுப்போச்சு!" என்று சிரித்தாள். சிரிப்பு பாதியிலேயே அழுகையாகிவிட்டது. நானும் மூக்கை உறிஞ்சினேன்.

சபர் டிக்கியிலிருந்து ஐந்தாவது வீலை இறக்கினான். அத்தான் ஓர் அடி பின்னால் போனார். "தொட மாட்டேன். அது ஒனக்குக் குடுத்தது."

"நான் திருப்பித் தரல மாமா. அண்ணன் பையனுக்குக் குடுத்துட்டேன். இப்ப அது அவன் வீலு. வேணும்னா அவன்கிட்ட இரவல் கேளுங்க."

அத்தான் பேரனைப் பார்த்தார். பையன் கொட்டாவி விட்டான். "சரின்னுட்டான்" என்றான் சபர்.

நானும் சபரும் ஜாக்கி போட்டோம். பெர்மெத் தொட்டிலை இறக்கிப் புல்லில் வைக்கச் சொன்னாள். "அங்க பாட்டிங்க ஏழு பேர் காத்திருக்காங்க. மொதல்ல அவங்கதான் போடணும். இங்க நடந்தத யாரும் அங்க சொல்லக் கூடாது" என்று சொல்லிப் பிள்ளையை அப்பாவின் கையில் கொடுத்தாள். கருப்புக் கையைச் சட்டையில் துடைத்துத் துடைத்து அவர் வாங்கினார், தொட்டிலில் கிடத்தினார்.

வீல் மாட்டி முடித்து, "கெளம்பலாம் அத்தான்" என்றேன். அவர் தொட்டில் பக்கத்தில் புல்லில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார்.

"இரு மச்சான்" என்றார். "இப்பத்தான் தூங்கறான்."