கத்தரிக்கோலுக்குத் தப்பிய எண்

எதிர்வீட்டு ஸ்டெல்லா அக்காவின் அம்மாவுக்கு எண்பது தாண்டிவிட்டது. அவர் கைக்குழந்தையாக இருந்தபோதே அவருடைய அப்பா இரண்டாம் உலகப் போருக்குப் போய்த் திரும்பவில்லை. கல்லறை உண்டா என்றுகூட யாருக்கும் தெரியாது. கல்லூரியில் படிக்கும் என் மகள் நிவேதா, இணையத்தில் உள்ள போர்க்கல்லறைப் பதிவேடுகளில் தேடிப் பார்ப்பதாகச் சொன்னாள். அக்காவும் வீட்டில் இருந்த ஒரே ராணுவக் கடிதத்தை நம்பிக் கொடுத்தார்.

அது தொட்டாலே உதிர்ந்தது. எதற்கெடுத்தாலும் பயப்படுகிற நான், யாரிடமும் சொல்லாமல் திருவொற்றியூர் ஸ்டேஷன் அருகே லேமினேஷன் கடைக்கு எடுத்துப் போனேன்.

"ஓரமெல்லாம் நைஞ்சு கீது மேடம். வெட்டிட்டுப் போட்டா சோக்கா இருக்கும்" என்றார் கடைக்காரர்.

"சரி, வெட்டிடுங்க."

அவர் கத்தரிக்கோலை எடுத்தபோது நிவேதா போன் செய்தாள். "அம்மா, அதே பேர்ல மூணு பேர் இருக்காங்க. கடிதத்துல அவரோட சர்வீஸ் நம்பர் இருக்கா பாரு. அது இல்லாம முடியாது."

வெட்டவிருந்த ஓரத்தில்தான் பென்சிலால் ஓர் எண் எழுதியிருந்தது. "நிறுத்துங்க!" என்று கத்திவிட்டேன்.

"இன்னா மேடம், கையே ஒதறிப்போச்சு!"

வெட்டாமலே கடிதத்தை வாங்கிக்கொண்டு, எண்ணை மகளுக்குப் படித்துச் சொன்னேன்.

அந்த எண்ணைக் கொண்டு மகள் மணிப்பூரில் ஸ்டெல்லா அக்காவுடைய தாத்தாவின் கல்லறையைக் கண்டுபிடித்தாள். "எங்க நைனா காணாமப் பூடலியா? ஒரு எடத்துலதான் படுத்துனுகீறாரா?" என்று அந்த அம்மா திரும்பத் திரும்பக் கேட்டார்.

இப்போது பழைய காகிதம் எது கைக்கு வந்தாலும் முதலில் இருபுறமும் போட்டோ எடுத்துவிடுகிறேன். கொடுத்தவரைக் கேட்காமல் அதில் ஒரு நூல் அளவுகூட வெட்டுவதில்லை.