பூட்டிய ஆபீசில் ஒரு ஃபிரிட்ஜ்

பள்ளிக்கரணையில் ஒரு கட்டடத்தின் முதல் மாடியில் எங்கள் ஆபீஸ் இருந்தது. வீடுகளுக்கு பிளான் வரைந்து தரும் சின்ன நிறுவனம். முதலாளியையும் என்னையும் சேர்த்து ஒன்பது பேர். நிர்வாக வேலை என் பொறுப்பு, சாவிக்கொத்தும் என்னிடம்தான்.

கொரோனா ஊரடங்கு அறிவித்த அன்று எல்லோரும் அடித்துப் பிடித்துக்கொண்டு கிளம்பினோம். பெரும்பாக்கம் ஹவுசிங் போர்டு குடியிருப்பிலிருந்து வந்து ஆபீசைக் கூட்டித் துடைக்கும் அக்கா மட்டும் நின்று கேட்டார்.

"ஃபிரிட்ஜுல நெறைய கீதுமா. காலி பண்ணிடட்டா?"

"விடுங்கக்கா, பத்து நாள்ல வந்துடுவோம்" என்றேன். போகும்போது, எதற்கு வம்பு என்று மெயின் சுவிட்சையும் அணைத்தேன். ஃபிரிட்ஜுக்குள் யாருடைய பிறந்தநாளுக்கோ வாங்கிய கேக்கில் பாதி, பால் பாக்கெட்டுகள், ஃபிரீசரில் முதலாளி வீட்டுக்கு வாங்கி மறந்துபோன கோழிக்கறி.

பத்து நாள் ஐந்து மாதத்தைத் தாண்டியது. இரண்டாவது மாதமே முதலாளி போன் செய்தார். "ஆபீஸே மூடிக் கெடக்கு, கூட்டுறதுக்கு ஆள் எதுக்கு? அந்தம்மாகிட்ட பக்குவமா சொல்லிடுங்க."

பக்குவமாகச் சொன்னேன். நிலைமை சரியானதும் முதலில் உங்களைத்தான் கூப்பிடுவோம் என்றேன். அவர் "சரிமா" என்றார், அவ்வளவுதான். அன்று நான் பேசிய இனிப்பான குரலை நினைத்தால் எனக்கே பிடிக்கவில்லை.

ஆபீசைத் திறக்கலாம் என்றானதும் முதலாளி தடபுடல் செய்தார். வாசலில் நெற்றிக்கு நேரே பிடிக்கும் காய்ச்சல் மெஷின், இடைவெளி விட்டு உட்காரத் தரையில் ஒட்டும் மஞ்சள் வட்டங்கள், ஆளுக்கொரு பையில் முகக்கவசமும் சானிடைசரும். அத்தனையும் நான்தான் வீட்டிலிருந்தபடியே ஏற்பாடு செய்தேன். ஃபிரிட்ஜ் மட்டும் என் நினைவில் இல்லை.

முதல் நாள் கதவைத் திறந்ததும் நாற்றம் முகத்தில் அறைந்தது. ஃபிரிட்ஜின் அடியிலிருந்து வடிந்த பழுப்புத் தண்ணீர் தரையில் வெல்லப்பாகு மாதிரி காய்ந்திருந்தது. வரைவாளர் ஒருவர் தைரியமாக ஃபிரிட்ஜைத் திறந்தார். செத்த புழுக்கள் உமி போலக் கொட்டின. உள்ளே கறுப்பாக எதுவோ நூல்விட்டுத் தொங்கியது. அவர் படிக்கட்டு வரை ஓடிப் போய் வாந்தி எடுத்தார்.

முதலாளி இரண்டு முகக்கவசங்களை ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டுக்கொண்டு சொன்னார்: "அந்தம்மாவக் கூப்பிடுங்க."

கூப்பிட்டேன். மறுபேச்சில்லாமல் வந்தார். நல்ல புடவை கட்டிக்கொண்டு, தலைவாரிப் பூ வைத்திருந்தார். வேலைக்குத் திரும்பக் கூப்பிடுகிறோம் என்று நினைத்திருக்கிறார்.

அழைத்துவர நான் கீழே இறங்கினேன். கேட்டில் வாட்ச்மேன் மறித்தார். "ஹவுசிங் போர்டு ஆளுங்கள உள்ள விடக் கூடாதுன்னு கட்டட ஓனர் சொல்லிக்கிறாரு மேடம். அங்க நெறைய கேஸாம்."

முதலாளி மாடியிலிருந்து எட்டிப் பார்த்தார். "பின்பக்கப் படியில வரட்டும். லிஃப்ட்டத் தொட வேணாம். அப்படியே மருந்து அடிச்சு அனுப்பு."

பார்சல் பெட்டிகளுக்குக் கிருமிநாசினி அடிப்பதற்காகக் கேட்டில் ஒரு ஸ்பிரேயர் வைத்திருந்தோம். வாட்ச்மேன் அதை எடுத்து அக்காவின் காலில் தொடங்கி தோள்வரை அடித்தார். அக்கா கண்ணை இறுக மூடிக்கொண்டு நின்றார். புடவை நனைந்து உடம்போடு ஒட்டியது. மூன்றடி தள்ளி நின்ற நான் இன்னும் ஓரடி பின்னால் நகர்ந்தேன்.

முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு என்னைக் கேட்டார். "மேல இன்னா வேலமா?"

"ஃபிரிட்ஜ் அழுகிப்போச்சுக்கா."

"நாளைலர்ந்து வரணுமா?"

நான் நிமிர்ந்து மாடியைப் பார்த்தேன். "இன்னிக்கு மட்டும்னு சொல்லுங்க. அப்புறம் பார்க்கலாம்" என்றார் முதலாளி.

அக்கா செருப்பை உதறிச் சரிசெய்துகொண்டு வந்த வழியே நடந்தார்.

"ரேஷன்ல சும்மா அரிசி குடுத்தா திமிர் வராம என்ன செய்யும்?" என்றார் முதலாளி. அவருக்குப் பக்கத்தில் நின்ற இரண்டு பேர் சிரித்தார்கள். காலையில் வாந்தி எடுத்தவரும் அதில் ஒருவர்.

கடைசியில் வெளியிலிருந்து இரண்டு ஆட்களைப் பிடித்தோம். கதவை டேப்பால் சுற்றி, கயிறு கட்டி, ஃபிரிட்ஜை அப்படியே மினி வேனில் ஏற்றிக்கொண்டு போனார்கள். கால் மணி நேரத்தில் திரும்பிவிட்டார்கள். எங்கே போட்டீர்கள் என்றேன். "சதுப்பு நிலத்தாண்ட தள்ளிட்டோம் மேடம். அங்க யார் கேக்கப் போறா?" முதலாளி அவர்களைப் பாராட்டினார்.

மத்தியானம், ஆபீஸ் திறந்த சந்தோஷத்துக்கு எல்லோருக்கும் பிரியாணி. ஆளுக்கொரு மஞ்சள் வட்டத்தில் நாற்காலி போட்டுச் சாப்பிட்டோம். பினாயில் வாசனைக்கு அடியில் அந்த நாற்றம் இன்னும் இருந்தது. ஆனாலும் நான் முழுப் பொட்டலத்தையும் சாப்பிட்டேன்.

சாயங்காலம் தாம்பரம் பஸ்ஸில் உட்கார்ந்து அக்காவுக்கு போன் செய்தேன். மன்னிப்புக் கேட்க வார்த்தைகளை அடுக்கி வைத்திருந்தேன்.

"இன்னாமா, நாத்தம் பூடுச்சா?"

"போயிடுச்சுக்கா. காலையில நடந்தது…"

"அடுப்புல கொழம்பு கீதுமா, போன வெச்சிடறேன்."

அதன்பிறகு நான் கூப்பிடவில்லை. அடுத்த வாரம் ஏஜென்சி மூலம் வேறொரு பெண்ணை வேலைக்கு எடுத்தோம். எந்த ஏரியா என்று முதலாளி கேட்பதற்கு முன்பே நானாகச் சொன்னேன்: "கீழ்க்கட்டளை சார். சொந்த வீடு."