லலிதா மேடம் கேட்ட மூன்றாவது கேள்வி

செய்தியைக் கொண்டுவந்தவர் என் அண்ணன் அந்தோணி. சாந்தோமில் நான் தமிழாசிரியராக வேலை பார்க்கும் பள்ளியில் அன்று தேர்வு நடந்துகொண்டிருந்தது. மேற்பார்வைக்கு நின்றிருந்த என்னை வாட்ச்மேன் வந்து கூப்பிட்டார். கேட்டுக்கு வெளியே அண்ணன் நின்றிருந்தார். காலில் செருப்பில்லை. கரையிலிருந்து அப்படியே நடந்து வந்துவிட்டார் போலிருக்கிறது.

“டேய், லலிதா மாமி பூட்டாங்கடா. காலைல பால் பாக்கெட் எடுக்க வந்து கதவாண்டயே உழுந்துட்டாங்களாம்.”

அந்தத் தெரு வழியாகக் கூடையோடு போகும் எங்கள் குப்பத்துப் பெண் ஒருத்தி சொல்லி அவருக்குத் தெரிந்திருக்கிறது. எனக்கு மாற்று ஆள் கிடைக்கவில்லை. தேர்வு முடியும்வரை அறையில் நின்றேன். தாள்களை வாங்கி அடுக்கியபோது ஒன்றை மறந்து மேசையிலேயே விட்டுவிட்டேன் என்று மறுநாள்தான் தெரிந்தது.

மயிலாப்பூரில் அந்தச் சின்ன நூலகத்தின் பின்னறைக்குச் சனிக்கிழமைகளில் வந்துபோன எல்லோருக்கும் அவரைத் தெரியும். தலைமைச் செயலகத்தில் அரசாணைகளை ஆங்கிலத்திலிருந்து தமிழாக்கம் செய்யும் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர். கணவர் முன்பே இறந்துவிட்டார். ஒரே மகன் ஸ்ரீராம் வெளிநாட்டில். ரேஷன் அட்டை, பட்டா, விதவை உதவி என்று யார் வந்தாலும் மனு எழுதிக் கொடுப்பார். உங்களில் பலர் கையில் அவர் எழுதிய மனு ஒன்றாவது இருக்கும். ஆனால் எங்கள் மனுவின் கதை உங்களில் மிகச் சிலருக்குத்தான் முழுதாகத் தெரியும். அவர் இருக்கும்வரை அதை வெளியில் பேச விட்டதில்லை. இப்போது சொல்லலாம் என்று நினைக்கிறேன்.

ஆறு வருடங்களுக்கு முன் ஒரு விடிகாலை. துறைமுகத்துக்கு வெளியே ஒரு வெளிநாட்டுப் போர்க்கப்பல் நங்கூரமிட்டு நின்றிருந்தது. பழுது பார்க்க வந்தது என்று சொன்னார்கள். முதல் நாள் போட்ட வலையை எடுக்க அண்ணன் தன் ஃபைபர் படகில் போயிருக்கிறார். கப்பலைச் சுற்றி ரோந்து வந்த ரப்பர் படகு ஒன்று இவரை விரட்ட வேகமாக வந்து பக்கவாட்டில் இடித்தது. அண்ணனின் வலது கை படகின் விளிம்புக்கும் இன்ஜினுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டது. இரண்டு விரல்கள் போயின. இடித்தவர்கள் என்னவோ கத்திவிட்டுத் திரும்பிப் போய்விட்டார்கள்.

காவல் நிலையத்தில் பதிவு செய்தார்கள். பதிவின் நகலை வாங்கிப் படித்தேன்: ‘அடையாளம் தெரியாத படகு மோதியதில் காயம்.’ திருத்தச் சொல்லிப் போனால் அது கடல் விவகாரம் என்றார்கள். கடலோரக் காவலிடம் போனால் துறைமுகம் என்றார்கள். அங்கே போனால் டெல்லி என்றார்கள்.

நூலகத்தின் பின்னறைக்கு நாங்கள் இருவரும் போனது அதற்குப் பிறகுதான். லலிதா மேடம் அண்ணனின் கட்டுப் போட்ட கையைப் பார்த்தார். அனுதாபமாக எதுவும் சொல்லவில்லை. “உங்களுக்கு என்ன வேணும், அந்தோணி? அதை மொதல்ல சொல்லுங்கோ” என்றார்.

நான் வாயைத் திறந்தேன். கையமர்த்தினார். அண்ணன் கட்டுப் போட்ட கையை மேசைமேல் வைத்தார்.

“இட்ச்சவன் யார்னு எழுதணும் மாமி. ஏதோ பேய் வந்து இட்ச்சா மாதிரி எழுதி வெச்சிக்கிறாங்க. நான் கண்ணால பார்த்தேன். கொடி கட்டிக்கினு வந்தான்.”

“சரி, அதைக் கேப்போம்” என்றார் மேடம்.

நான் அதற்குள் ஒரு மனு எழுதி வைத்திருந்தேன். நான்கு பக்கம். தமிழாசிரியன் எழுதிய மனு, கேட்கவா வேண்டும்? ‘அலைகடலின் மைந்தர்கள்’ என்று தொடங்கி ‘அறம் எங்கே’ என்று முடித்திருந்தேன். மேடம் அதைப் பொறுமையாக முழுக்கப் படித்தார். பிறகு பென்சிலால் அடிக்க ஆரம்பித்தார். மைந்தர்கள் போனார்கள். அறம் போனது. நான்காம் பக்கம் முழுதாகப் போனது. எனக்கு முகம் சுண்டிவிட்டது.

“சேவியர் சார், நன்னா எழுதியிருக்கேள். ஆனா இதுக்கு அவா பதில் சொல்ல வேண்டாம். படிச்சுட்டு வெச்சுடலாம். பதில் சொல்லியே ஆகணும்னா கேள்வி சின்னதா இருக்கணும்.”

கடைசியில் மூன்று கேள்விகள் மிஞ்சின. அந்த நாளில், அந்த நேரத்தில், அந்த இடத்தில் எந்தக் கப்பலின் படகு நீரில் இருந்தது? அது ரோந்து வர அனுமதித்த அலுவலர் யார்? அந்தப் படகில் வந்தவர்களால் இந்த நாட்டுக் குடிமகன் ஒருவருக்குத் தீங்கு நேர்ந்தால், எந்தச் சட்டத்தின்படி, எந்த அலுவலர் விசாரிக்க வேண்டும்?

“மூணாவதுக்குத்தான் பதில் வராது. ஆனா அது எல்லாருக்குமான கேள்வி. அதை விடப்படாது” என்றார்.

தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் மனுவை யார் பெயரில் போடுவது என்ற பேச்சு வந்தது. அண்ணனுக்குப் பயம். படகின் பதிவு, அட்டை, உரிமம் எல்லாம் அதிகாரிகள் கையில் இருக்கிறது. நானோ பள்ளி நிர்வாகத்தை நினைத்துத் தயங்கினேன். மேடம் எங்கள் முகங்களைப் பார்த்தார். பேனாவை எடுத்துத் தன் பெயரையும் தன் வீட்டு முகவரியையும் எழுதினார்.

முதல் பதில் இரண்டு மாதத்தில் வந்தது. ஒரே வரி: இந்திய மண்ணில் அந்நிய இராணுவத் தளம் எதுவும் இல்லை. நான் கொதித்துப்போய் மேடம் வீட்டுக்கு ஓடினேன். அவர் குழம்பு கொதிக்க விட்டிருந்தார். அடுப்பைச் சின்னதாக்கிவிட்டு வந்து கடிதத்தை வாங்கிப் படித்தார்.

“நான் தளம் இருக்கான்னு கேக்கவே இல்லையே? தளம்னு பேர் வெச்சாத்தானா? வரா, எண்ணெய் போட்டுக்கறா, ரிப்பேர் பண்ணிக்கறா, நாள்கணக்கா நின்னுண்டிருக்கா. நன்னா நிக்கட்டும், நான் வேண்டாங்கலை. நிக்கற வரைக்கும் அவா பண்றதுக்கு இங்க யார் பதில் சொல்றது? அதைத்தானே கேட்டேன்?”

அதையே இன்னும் சின்ன வாக்கியங்களாக்கி மேல்முறையீடு எழுதினார். விசாரணையின்போது நானும் கூடப் போனேன். அலுவலர் நல்லவர்தான். எங்களை உட்காரச் சொன்னார், தண்ணீர் கொடுக்கச் சொன்னார். “மேடம், இது நாட்டோட பாதுகாப்பு விஷயம். உங்களுக்கே தெரியும். இதுக்கு மேல நான் என்ன சொல்ல?” என்றார்.

“சொல்ல வேண்டாம் சார். பாதுகாப்பு காரணமா இந்தக் கேள்விக்குப் பதில் இல்லைன்னு எழுதிக் கொடுங்கோ. எந்தப் பிரிவுன்னும் போடுங்கோ. நான் போய்ண்டே இருக்கேன்.”

அவரால் அதை எழுத முடியவில்லை. எழுதினால் மேலே யாராவது கேட்பார்கள். நாங்கள் அங்கே மதியம்வரை உட்கார்ந்திருந்தோம். மேடம் ஒரு முறைகூடக் குரலை உயர்த்தவில்லை. கைப்பையிலிருந்து இரண்டு வாழைப்பழம் எடுத்து எனக்கொன்று கொடுத்தார். கடைசியில் ‘பரிசீலனையில் உள்ளது’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்கள். அதை வைத்துத்தான் பிறகு டெல்லியில் தகவல் ஆணையத்துக்குப் போக முடிந்தது.

இடையில் நடந்த ஒன்றை மறைத்துவிட்டு அஞ்சலி எழுதினால் அது அவருக்கே பிடிக்காது. அந்தப் போர்க்கப்பல் எந்த நாட்டுக்குச் சொந்தமோ, அந்த நாட்டில்தான் ஸ்ரீராம் இருந்தான். நிரந்தரமாகத் தங்கும் அனுமதிக்கு விண்ணப்பித்துக் காத்திருந்தான். அம்மா பெயரில் இப்படி ஒரு மனு இருப்பது தெரிந்து பயந்துபோய் போன் செய்திருக்கிறான். அடுத்த சனிக்கிழமை மேடம் எங்களிடம், “கொஞ்ச நாளைக்கு நிறுத்தி வெச்சுக்கலாம்” என்றார்.

காரணத்தை மறைக்காமல்தான் சொன்னார். எனக்குத்தான் பொறுக்கவில்லை. “உங்க பையனோட விரல் பத்திரமா இருக்கு மேடம்” என்று சொல்லிவிட்டு எழுந்து வந்துவிட்டேன். மேடம் பேனாவை எடுத்துக்கொண்டார். எதிரே இருந்த ஒரு பெண்ணின் ரேஷன் மனுவைத் தொடர்ந்து எழுதினார்.

எட்டு மாதம் நான் அந்தப் பக்கம் போகவில்லை. அண்ணன் போனார். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து அப்படியே மயிலாப்பூர் நடந்து போய், அவர் வீட்டு வாசலில் நின்று, “புள்ளைக்கு பேப்பர் வந்துச்சா மாமி?” என்று கேட்டுவிட்டு வருவாராம். எனக்கு இது தெரிந்தபோது அண்ணனிடம் கத்தினேன்.

“இன்னாடா தப்பு? எனக்கு ஒரு புள்ள அங்க கீதுன்னா நானும் அதான் செஞ்சிருப்பேன். அவங்க நமக்குக் கடன்பட்டாங்களா இன்னா?”

எட்டு மாதம் கழித்து மேடமே பள்ளிக்கு வந்தார். மகனுக்கு அனுமதி அப்போதும் வந்திருக்கவில்லை. ஆசிரியர் அறையில் யாரும் இல்லை. உட்கார்ந்ததும், தானும் மகனும் பேசியதைச் சொன்னார். “அவன்கிட்ட கேட்டேன்: ஏண்டா, நம்ம ஊர் கப்பல் அங்க வந்து, அதுல இருக்கறவா உன்னை இடிச்சுட்டா நீ யாரைக் கேப்பேன்னு. எங்க தொகுதி உறுப்பினருக்கு எழுதுவேன், அவர் பதில் சொல்லியே ஆகணும்ன்னான். அப்போ, உனக்கு அங்க கிடைக்கறது அந்தோணிக்கு இங்க கிடைக்கப்படாதான்னு கேட்டேன். அப்புறம், சரிம்மா, போடுன்னான்.”

நான் அன்று சொன்னதற்கு மன்னிப்புக் கேட்டேன். “கேட்டது நியாயந்தானே? எனக்கும் அதே தோணித்து. அதனாலதான் பதில் சொல்லலை” என்றார். பிறகு கைப்பையைத் திறந்து, இரண்டாம் மேல்முறையீட்டின் வரைவை எடுத்து என் முன்னால் வைத்தார். பிழை பார்க்கச் சொன்னார்.

ஆணையத்தின் விசாரணை காணொளி வழியாக நடந்தது. துறைமுகத்தின் அன்றைய பதிவேட்டுப் பக்கத்தைக் கொடுக்க உத்தரவானது. அந்தக் கடிதம் வந்த அன்று மேடம் எங்களை வீட்டுக்குக் கூப்பிடவில்லை. ஆட்டோ பிடித்து எங்கள் குப்பத்துக்கே வந்துவிட்டார். அண்ணன் வீட்டு வாசலில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டோம். சுற்றிலும் வலை காய்ந்துகொண்டிருந்தது. மீன் நாற்றம் அவருக்குப் புதிது. புடவைத் தலைப்பு இரண்டு முறை மூக்கருகே போய், வெட்கப்பட்டுத் திரும்பியதைப் பார்த்தேன். பிறகு அதை மறந்துவிட்டார்.

கடிதம் ஆங்கிலத்தில் இருந்தது. வாழ்நாள் முழுக்கச் செய்த வேலையை அங்கே கடைசியாக ஒரு முறை செய்தார். ஒவ்வொரு சொல்லாக நிதானமாகத் தமிழில் சொன்னார்: “குறிப்பிட்ட நேரத்தில், குறிப்பிட்ட இடத்தில், வருகை தந்திருந்த அயல்நாட்டுக் கடற்படைக் கப்பலுக்குச் சொந்தமான ரோந்துப் படகு நீரில் இருந்தது.”

“இன்னொரு தபா படிங்க மாமி” என்றார் அண்ணன்.

படித்தார். அண்ணி உள்ளேயிருந்து வந்து நின்றார். மூன்றாவது முறையும் படித்தார். அண்ணன் தன் வலது கையை இடது கையால் மூடிக்கொண்டு கடலைப் பார்த்தபடி நின்றார். “நான் பொய் சொல்லலடா” என்றார், யாரிடமோ. காவல் நிலையப் பதிவில் அந்த வரி திருத்தப்பட இன்னும் நான்கு மாதமானது. ஆனால் அண்ணனுக்கு அன்றே எல்லாம் முடிந்துவிட்டது.

மேடத்துக்கு எதுவும் முடிந்துவிடவில்லை. அனுமதி கொடுத்த அலுவலரின் பதவி மட்டும் வந்திருந்தது. மூன்றாவது கேள்விக்கு எதிரே, ‘இவ்வலுவலகத்தில் தகவல் இல்லை, உரிய துறைக்கு அனுப்பப்பட்டது’ என்றிருந்தது. “எந்தத் துறைன்னு எழுதலை பாருங்கோ” என்று சிரித்தார். அடுத்த வாரமே புதிதாகத் தொடங்கினார்.

போன மாதம் கடைசியாகப் பார்த்தபோது படியேறி வந்ததில் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். “சேவியர் சார், மனு போட்டவா போய்ட்டா மனுவையும் மூடிடுவா. வேற பேர்ல ஒண்ணு தயாரா வெச்சுக்கோங்கோ” என்றார். அண்ணன் பக்கத்தில் இருந்தார். நான் என் பெயரைச் சொல்ல வாயெடுக்கும் முன், “என் பேர்ல போடுங்க மாமி” என்றார். படகு உரிமத்தைப் பிடுங்கினால் என்ன செய்வீர்கள் என்று மேடம் கேட்டார். “அப்பவும் மனு எழுதத் தெரிஞ்சவங்க கீறாங்களே” என்று அண்ணன் என்னைக் காட்டினார். மிஞ்சிய மூன்று விரல்களால் பேனாவைப் பிடித்துக் கையெழுத்துப் போட அவருக்கு வெகுநேரமானது. மேடம் அவசரப்படுத்தவில்லை.

ஸ்ரீராம் மூன்றாம் நாள்தான் வந்து சேர்ந்தான். காரியங்கள் நடந்த வீட்டில் ஓரமாக நின்றிருந்த எங்களை அவனே தேடி வந்தான். “நீங்கதான் அந்தோணியா?” என்று கேட்டு, அண்ணனின் வலது கையைத் தன் இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டான். அவனுக்கு அனுமதி கிடைத்துவிட்டதாம். தங்கள் தொகுதி உறுப்பினருக்கு அவன் ஏற்கெனவே எழுதிவிட்டான்: எங்கள் கப்பல்கள் வெளிநாட்டுத் துறைமுகங்களில் நிற்கும்போது, அங்கே எங்கள் ஆட்களால் ஒருவர் காயப்பட்டால் நீங்கள் யாருக்குப் பதில் சொல்வீர்கள் என்று. “அம்மா திருத்திக் குடுத்தா. ரெண்டு பக்கம் எழுதியிருந்தேன். நாலு வரி ஆக்கிட்டா.” அதைச் சொல்லும்போதுதான் அவன் அழுதான்.

லலிதா மேடத்திடமிருந்து எனக்குக் கிடைத்தது உட்கார்ந்திருக்கும் பழக்கம். எழுந்து கத்தாமல், எழுந்து போய்விடாமல், எதிரே இருப்பவர் எழுதிக் கொடுக்கும்வரை நாற்காலியில் உட்கார்ந்திருப்பது. எனக்கு அது இயல்பில் கிடையாது. ஒருமுறை எழுந்து வந்துவிட்டவன் நான். இன்னும் முயன்றுகொண்டிருக்கிறேன்.

அண்ணன் பெயரிலான மனுவுக்கு விசாரணை நாள் குறித்திருக்கிறார்கள். இந்த முறை அவரே பேசுவதாகச் சொல்கிறார். மேடத்தைத் தெரிந்தவர்கள் வரலாம். அறை சின்னது, நாற்காலிகள் குறைவு. வருகிறவர்கள் சத்தம் போட வேண்டாம், மேடத்துக்குப் பிடிக்காது. மதியத்துக்கு மேலும் ஆகலாம். சாப்பிட ஏதாவது கொண்டுவாருங்கள்.