பதினொரு பேரும் ஒரே வரியில்

கமறியாவைப் பயமுறுத்துவது லேசான காரியமல்ல. புருஷன் முஸம்மில் மௌத்தாகி நாலு வருஷமாகிறது. நுரைச்சோலையைத் தாண்டிக் கற்பிட்டி வீதியில் அவர் விட்டுப்போன கருவாட்டு வாடியை அவள் தனியாளாக நடத்துகிறாள். தராசில் விளையாடப் பார்த்த வியாபாரியை, வந்த லொறியோடு வெறுங்கையாய்த் திருப்பி அனுப்பியவள். அப்பேர்ப்பட்டவள் அந்தச் செவ்வாய்க்கிழமை காலையில் கணினிக்கு முன்னால் கதிரையில் உட்கார்ந்து, "யா அல்லாஹ், யா அல்லாஹ்" என்று முணுமுணுத்துக்கொண்டிருந்தாள்.

கணினியை அவள் ஆசைப்பட்டு வாங்கவில்லை. அச்சடித்த பில் இல்லாமல் காசு தரமாட்டோம் என்று கொழும்புக் கடைக்காரர்கள் ஒற்றைக்காலில் நின்றார்கள். அதனால் மதுரங்குளியில் கணினிக் கடை வைத்திருக்கும் றஸ்மி வந்து, தமிழில் ஓடுகிற கணக்கு மென்பொருள் ஒன்றைப் போட்டுக் கொடுத்தான். வாங்கியது, விற்றது, கூலி எல்லாம் அதற்குள் போயின. அதோடு நிறுத்தியிருந்தால் ஒரு வில்லங்கமும் இல்லை. அவள் அமானிதத்தையும் அதில் ஏற்றினாள்.

அமானிதம் என்பது நம்பி ஒப்படைத்த பொருள். இங்கே அது வாடியில் மீன் கீறிக் காயவைக்கும் பதினொரு பெண்களின் காசு. வியாழக்கிழமை கூலி வாங்கியதும் அதிலிருந்து ஐந்நூறோ ஆயிரமோ எடுத்துத் திரும்பக் கமறியாவின் கையிலேயே கொடுப்பார்கள். வீட்டுக்குக் கொண்டுபோனால் அது புருஷன்மாரின் காசாகிவிடும். பேங்கில் போட்டால் புத்தகத்தை எங்கே ஒளிப்பது? ஆகவே காசு கமறியாவின் அலுமாரியில், கணக்கு கமறியாவின் கொப்பியில். ஒருத்தி சேர்த்தது எவ்வளவு என்று பக்கத்தில் குந்தியிருந்து மீன் கீறுகிறவளுக்கும் தெரியாது.

மென்பொருள் ஒவ்வொரு பேருக்கும் ஒரு தொலைபேசி இலக்கம் கேட்டது. காசு ஏற்றியதும் அந்த இலக்கத்துக்குச் செய்தி போகுமாம். பாதிப் பேர் வீட்டில் போன் இருப்பது புருஷனின் சட்டைப் பையில். கமறியா யோசித்துப் பார்த்துவிட்டு, பதினொரு பேருக்கும் தன்னுடைய இலக்கத்தையே போட்டாள். பெரிய கெட்டிக்காரி என்று தன்னையே மெச்சியும் கொண்டாள்.

செவ்வாய்க்கிழமை திரையில் ஒரு கேள்வி வந்தது: 'ஒரே இலக்கத்தில் பல வாடிக்கையாளர்கள் உள்ளனர். ஒன்றாக்கவா?' எல்லோரையும் ஓரிடத்தில் வரிசையாக வைக்கப்போகிறதாக்கும் என்று எண்ணி, 'ஆம்' என்பதை அழுத்தினாள். பதினொரு பேரும் மறைந்தார்கள். அந்த இலக்கத்தின் சொந்தக்காரி பேரில் ஒரே ஒரு வரி மிஞ்சியது: கமறியா, நான்கு இலட்சத்துப் பன்னீராயிரத்து ஐந்நூறு ரூபாய்.

றஸ்மிக்குப் போன் எடுத்தாள்.

"ஒண்டாக்கினதப் பிரிக்க ஏலா தாத்தா," என்றான் அவன். அந்தப் பக்கத்து முஸ்லிம்களுக்கு அக்கா என்றால் தாத்தா. "பயப்புடாதீங்க. பழைய கொப்பி இருக்குதானே? சனிக்கிழம வாறன், அதப் பாத்துத் திரும்ப ஏத்துவம்."

கொப்பி இருக்கவில்லை. ஏற்றி முடித்த கொப்பிக்கு வாடியில் ஒரு வேலைதான் உண்டு. தாள் தாளாகக் கிழித்து, சில்லறைக்கு வருகிறவர்களுக்குக் கருவாடு சுற்றிக் கொடுப்பார்கள். அமானிதக் கொப்பியை எரித்துவிடத்தான் எடுத்து வைத்திருந்தாள். அது தவறுதலாக மற்றக் கொப்பிகளோடு சேர்ந்து கிழிபட்டு, கடைசித் தாளும் போன வாரம் போய்விட்டது.

காசு அலுமாரியில் ஒரு சதம் குறையாமல் இருந்தது. அதில் யாருக்கு எவ்வளவு? பத்துப் பேர் கூட்டிச் சொன்னால் பதினோராவது ஆளின் வாயில் மண். மறுமையில் அல்லாஹ் கேட்டால், கம்பியூட்டர் விழுங்கிவிட்டது என்றா சொல்வது?

வேறு வழியில்லை. ஒவ்வொருத்தியாகத் தராசுக்குப் பின்னால் கூப்பிட்டு, உன் காசு எவ்வளவு என்று கேட்டாள். போர்க்காலத்தில் வன்னியிலிருந்து வந்து இங்கேயே தங்கிவிட்ட நிசாந்தி அவளை ஏற இறங்கப் பார்த்தாள்.

"முப்பத்தெட்டாயிரம் அக்கா. ஏன், உங்களுக்குத் தெரியாதோ?"

அந்தக் கேள்வி கமறியாவுக்குச் சுருக்கென்று தைத்தது. சரிபார்க்கிறேன் என்று சொல்லிச் சமாளித்தாள். வியாழக்கிழமை மதியத்துக்குள் பத்துப் பேர் சொன்னதையும் கூட்டியபோது மூன்று இலட்சத்து அறுபத்தையாயிரம் வந்தது. மிச்சம் நாற்பத்தேழாயிரத்து ஐந்நூறு. அது அஸ்ரியாவின் காசாகத்தான் இருக்கவேண்டும். அஸ்ரியாவோ திங்கட்கிழமைக்குப் பிறகு வேலைக்கு வரவில்லை. அவள் வந்து இதைவிடக் கூடச் சொன்னால்?

பின்னேரம் அவளுக்குப் பதிலாக அவளுடைய புருஷன் நஜாத் மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினான். கையில் எண்ணெய் ஊறிய தாள் ஒன்று இருந்தது. கமறியாவுக்குத் தன் கையெழுத்து தூரத்திலேயே தெரிந்தது.

"கருவாடு சுத்தி வந்த தாள் தாத்தா. இதில என்ட பொஞ்சாதிட பேர் இருக்கு. ரெண்டாயிரம், ஆயிரத்தைந்நூறு எண்டு எழுதியிருக்கு. கேட்டா வாய் திறக்கிறாள் இல்ல. இது என்ன காசு?"

"அது... கடனுக்குக் கருவாடு எடுத்தது தம்பி."

"கடன் எண்டா கம்பியூட்டரிலயும் இருக்கும்தானே? எங்க, காட்டுங்க."

அவள் தடுக்குமுன் அவனே கதிரையில் உட்கார்ந்து, மனைவியின் பேரை ஒற்றை விரலால் தட்டினான். 'பதிவு எதுவும் இல்லை' என்றது திரை. அவன் மறுபடியும் தட்டினான். வாடிக்கையாளர் பட்டியலை மேலிருந்து கீழ்வரை உருட்டினான். கொழும்புக் கடைகள், சில்லறைக் கடைகள், கடைசியில் கமறியா.

"கட்டி முடிச்சிட்டாள். அதான் பேர் இல்ல," என்றாள். சொன்ன பொய்க்கு உள்ளுக்குள் அஸ்தஃபிருல்லாஹ் சொல்லி மன்னிப்புக் கேட்டுக்கொண்டாள்.

அவன் தாளை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு போனான். மோட்டார் சைக்கிள் சத்தம் தேய்ந்து மறையும்வரை அவள் வாசலிலேயே நின்றாள். செவ்வாய்க்கிழமை அந்த 'ஆம்' அழுத்தப்படாமல் இருந்திருந்தால் அஸ்ரியா சேர்த்தது முழுக்க இவன் கண்ணில் பட்டிருக்கும்.

சனிக்கிழமை காலையில் அஸ்ரியா வந்தாள். முகம் வெளிறிப்போயிருந்தது. ஒரு கன்னத்தை முக்காட்டால் மூடியிருந்தாள். சலாம்கூடச் சொல்லாமல் தராசுக்குப் பின்னால் வந்து கமறியாவின் கையைப் பிடித்தாள்.

"கம்பியூட்டரில என்ட பேரே இல்லையாம் தாத்தா. அவர் வந்து சொன்னார்." பிடித்த கையை விடவில்லை. "என்ட நாப்பத்தேழாயிரத்தி ஐநூறும் போயிட்டா?"

கமறியாவுக்குக் கண் நிறைந்துவிட்டது. பத்துப் பெண்களில் ஒருத்திகூட ஒரு ரூபாய் கூட்டிச் சொல்லவில்லை. கணினியில் பேர் இல்லாததைத் தான் இரண்டு நாளாக நிம்மதி என்று நினைத்துக்கொண்டிருக்க, இவளுக்கு அது காசு போன செய்தியாக இருந்திருக்கிறது என்பதும் அப்போதுதான் உறைத்தது.

"போகல்ல புள்ள. ஒரு சதம் போகல்ல. அலுமாரியில இருக்கு, வந்து எண்ணிப் பாரு."

அஸ்ரியா கருவாட்டுச் சாக்கின்மேல் அப்படியே உட்கார்ந்து அழுதாள். முக்காடு நழுவியது. கன்னம் நீலம் பாரித்திருந்தது.

பத்து மணிக்கு றஸ்மி பையோடு வந்தான். "கணக்கு சரியாமே தாத்தா? பேர் பேராத் திரும்ப ஏத்துவமா?"

"வேணாம் தம்பி. எல்லாம் என்ட பேரிலயே கிடக்கட்டும்."

அவன் பையைத் திரும்பத் தோளில் மாட்டினான். வீதியில் மோட்டார் சைக்கிள் ஒன்று வேகம் குறைத்தது. இரண்டு பெண்களும் ஒரே நேரத்தில் வாசலைப் பார்த்தார்கள்.